பழைய பென்ஸ் காரில் கண்ணாடி மெதுவாக ஏறுகிறதா? மோட்டாரைக் கழற்றும் முன் செய்ய வேண்டியவை

என்னிடம் இருப்பது 1996ஆம் வருடத்து பென்ஸ் இ220. டபிள்யூ 124 என்று பென்ஸ்காரர்கள் சொல்லும் வகை. 1995ல் பூனாவில், டாடாவின் டெல்கோ ஆலையில், இந்தியாவில் முதன்முதலாகக் கூட்டப்பட்ட பென்ஸ் கார் இதுதான். இன்ஜின் இன்னும் சத்தமில்லாமல் ஓடுகிறது. கதவைச் சாத்தினால் வரும் அந்தக் கனமான சத்தம் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. ஆனால் ஓட்டுநர் பக்கக் கண்ணாடி மட்டும் கீழிருந்து மேலே ஏற 14 வினாடி எடுத்துக்கொண்டிருந்தது. மழையில் பார்க்கிங் சீட்டு வாங்கிவிட்டுக் கண்ணாடியை ஏற்றி முடிப்பதற்குள் சட்டைக் கை நனைந்துவிடும்.

ஒரு பட்டறையில் காட்டினேன். "மோட்டார் போயிடுச்சு" என்று உடனே சொல்லிவிட்டார்கள். பழைய உதிரிபாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் அலைந்து அதே மாடல் வண்டியில் இருந்து எடுத்த மோட்டாரை வாங்கி வந்து மாட்டினோம். 14 வினாடி 12 ஆனது, அவ்வளவுதான். அப்புறம் வயரிங் வேலை மட்டுமே செய்யும் ஒரு பெரியவரிடம் போனேன். அவர் கதவைத் தொடவே இல்லை. "தம்பி, கழட்டுறதுக்கு முன்னாடி மீட்டர வைங்க. கரண்டு வருதா, இல்ல கண்ணாடி பிடிக்குதா, முதல்ல அத பாருங்க" என்றார். அன்றைக்கு அவர் சொல்லிக்கொடுத்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன். இப்போது அதே கண்ணாடி 5 வினாடியில் ஏறுகிறது. உள்ளே இருப்பது புதுப்பேட்டை மோட்டார் இல்லை, வண்டியோடு வந்த பழைய மோட்டார்தான்.

என் வண்டியை வைத்து எழுதுகிறேன் என்றாலும், அந்தக் காலத்து எஸ்டீமோ, பழைய ஹோண்டா சிட்டியோ, வெளிநாட்டிலிருந்து வந்த எந்தப் பழைய காரோ வைத்திருப்பவர்களுக்கும் இதே வரிசை பொருந்தும். திருகு இருக்கும் இடம்தான் மாறும்.

ஏன் மெதுவாகிறது

கதவுக்குள் இருப்பது நிரந்தரக் காந்தம் வைத்த சாதாரண டிசி மோட்டார். அதன் வேகம் கிடைக்கும் வோல்டேஜைப் பொறுத்தது. 12 வோல்ட்டுக்குப் பதில் 9 வோல்ட் போனால் கால்வாசி வேகம் போய்விடும், இழுவையும் குறைந்துவிடும். இழுவை குறைந்த மோட்டார், ரப்பரில் பிடித்துக்கொண்டிருக்கும் கண்ணாடியைத் தூக்கத் திணறும். திணறும்போது அதிக ஆம்பியர் இழுக்கும். ஆம்பியர் கூடினால் கெட்டுப்போன இணைப்புகளில் இன்னும் அதிக வோல்டேஜ் தொலையும். இப்படி ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு கீழே போகும். அதனால் கோளாறு பெரும்பாலும் ஒரே இடத்தில் இருப்பதில்லை, இரண்டு மூன்று சின்னக் கோளாறுகள் சேர்ந்துதான் 14 வினாடியில் கொண்டுவந்து விடுகின்றன.

ஒரு சின்னக் கணக்கு. மோட்டார் 7 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்விட்ச்சில் 0.3 ஓம் தடை ஏறியிருக்கிறது. 7 பெருக்கல் 0.3, அதாவது 2.1 வோல்ட் அங்கேயே போய்விடும். அந்த இடத்தில் கிட்டத்தட்ட 15 வாட் சூடு உண்டாகும். சின்ன சால்டரிங் அயர்ன் ஒன்றின் சூடு அது. ஸ்விட்ச்சின் பிளாஸ்டிக் ஏன் இளகிப்போகிறது என்பது இப்போது புரியும்.

முதல் வேலை: நேரம் குறிப்பது

போனில் ஸ்டாப்வாட்சை எடுத்துக்கொள்ளுங்கள். இன்ஜின் ஓடும்போது நாலு கண்ணாடியையும் தனித்தனியாக இறக்கி ஏற்றி, எட்டு எண்களையும் ஒரு தாளில் எழுதுங்கள். நல்ல நிலையில் இருக்கும் கண்ணாடி நாலைந்து வினாடியில் ஏறிவிடும், இறங்குவது அதைவிடக் கொஞ்சம் சீக்கிரம். இந்தத் தாளே பாதி நோயைச் சொல்லிவிடும்.

நாலும் மெதுவாக இருந்தால் கதவுகளை மறந்துவிடுங்கள். பேட்டரி, ஆல்டர்நேட்டர், பொதுவான ஃபியூஸ், ரிலே (சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை இயக்கும் ஸ்விட்ச்), எர்த் (வண்டி உடலோடு சேரும் நெகட்டிவ் இணைப்பு) என்று நாலுக்கும் பொதுவானதில்தான் கோளாறு. ஒன்று மட்டும் மெதுவாக, ஏறும்போதும் இறங்கும்போதும் ஒரே மாதிரி மந்தமாக இருந்தால் மின்சாரப் பக்கம் சந்தேகப்படலாம். இறங்கும்போது சரளமாக இறங்கி, ஏறும்போது மட்டும் திணறினால் பெரும்பாலும் ரப்பர் சேனலோ (கண்ணாடி ஓடும் ரப்பர் பள்ளம்) மெஷினோ (கண்ணாடியைத் தூக்கி இறக்கும் அமைப்பு) பிடிக்கிறது. ஒரு குறிப்பிட்ட உயரத்தில் மட்டும் தயங்கினாலும் அப்படியே. கண்ணாடி ஒரு பக்கமாகச் சாய்ந்து ஏறினால் கீழே ரெயிலில் ஓடும் பிளாஸ்டிக் துண்டு உடைந்திருக்கும். பின் கண்ணாடி ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஸ்விட்ச் உண்டு: முன் சீட்டுகளுக்கு நடுவில் ஒன்று, பின் கதவில் ஒன்று. ஒன்றில் வேகமாகவும் மற்றதில் மெதுவாகவும் ஓடினால், மெதுவாக ஓடும் ஸ்விட்ச்தான் குற்றவாளி.

ஃபியூஸ்

இந்த வண்டியில் இருப்பது பழைய பாணி டார்பிடோ ஃபியூஸ். இரண்டு முனையும் கூம்பாக, இரண்டு பித்தளைத் தகடுகளுக்கு நடுவே அழுத்திக்கொண்டு நிற்கும். எரிந்துபோனால் தெரிந்துவிடும். எரியாமலே முனையில் பாசி பிடித்தால்தான் யாருக்கும் தெரியாது. சென்னை மாதிரி கடற்காற்று வீசும் ஊரில் இது ரொம்ப சகஜம்.

சாவியை எடுத்துவிட்டு ஃபியூஸை விரலால் அப்படியே இடத்திலேயே நாலைந்து முறை உருட்டுங்கள். மறுபடி நேரம் பாருங்கள். ஒரு வினாடி குறைந்தாலும் இங்கே கோளாறு இருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு ஃபியூஸை எடுத்து, தகடுகளின் குழிகளை மெல்லிய உப்புத்தாளால் துடைத்து, புது ஃபியூஸ் போடுங்கள். அலுமினியத்தைவிடச் செம்பு ஃபியூஸ் நல்லது. நிறம் பார்த்து வாங்குங்கள்: வெள்ளை 8 ஆம்பியர், சிவப்பு 16, நீலம் 25. என்ன இருந்ததோ, மூடியில் என்ன போட்டிருக்கிறதோ அதே அளவு. ஃபியூஸ் மேல் வயர் இழையைச் சுற்றும் பழக்கம் சில பட்டறைகளில் இருக்கிறது. தயவுசெய்து உங்கள் வண்டியில் அதை அனுமதிக்காதீர்கள். பிடித்துக்கொண்ட கண்ணாடி ஒன்று போதும், கதவு வயர் முழுக்க உருகிவிடும்.

ஸ்விட்ச்: பாதி வியாதி இங்கேதான்

என் வண்டியில் முன் ஸ்விட்ச்சுகள் கியர் லீவருக்குப் பக்கத்தில், மரத் தகட்டில் உட்கார்ந்திருக்கின்றன. காபி, டீ, கூல்டிரிங்க் எது சிந்தினாலும் நேராக அதற்குள்தான் போகும். பால் சர்க்கரையோடு காய்ந்த காபி நல்ல பசை.

இந்த ஸ்விட்ச்சின் வேலையை ஒரு தரம் புரிந்துகொண்டால் சோதனை சுலபமாகிவிடும். சும்மா இருக்கும்போது மோட்டாரின் இரண்டு வயரும் ஸ்விட்ச் வழியாக எர்த்தில்தான் இருக்கும். மேலே அழுத்தினால் ஒரு வயர் மட்டும் பாசிட்டிவுக்கு மாறும், இன்னொன்று எர்த்திலேயே நிற்கும். கீழே அழுத்தினால் மறுதலை. அதாவது மின்சாரம் போகும்போது ஒரு முறை, திரும்பி வரும்போது ஒரு முறை, ஒரே ஸ்விட்ச்சை இரண்டு தடவை கடக்கிறது. நாம் அழுத்தாத பக்கத்தின் காண்டாக்ட் கெட்டுப்போனாலும் கண்ணாடி மெதுவாகும். பலர் அழுத்தும் பக்கத்தை மட்டும் துடைத்துவிட்டு ஏமாந்துபோகிறார்கள்.

மரத் தகட்டை அவசரப்பட்டு நெம்பாதீர்கள். முப்பது வருட வெயிலில் காய்ந்த மெல்லிய மரம் அது, மேல் பூச்சு ஏற்கனவே கீறல் விட்டிருக்கும். ஆஷ்ட்ரேயை எடுத்துவிட்டு, மறைந்திருக்கும் திருகு ஒவ்வொன்றையும் தேடிக் கழற்றிய பிறகுதான் தூக்க வேண்டும். ஸ்விட்ச்சை அடியிலிருந்து வெளியே தள்ளும் முன் எந்த சாக்கெட் எந்த ஸ்விட்ச்சுக்கு என்று மாஸ்கிங் டேப்பில் எழுதி ஒட்டுங்கள். போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் சரியாகக் கழன்ற பிறகு ஒரு சின்ன சோதனை: பக்கத்துக் கண்ணாடியின் ஸ்விட்ச் அதே மாதிரியானதாக இருந்தால் இரண்டையும் மாற்றிப் போட்டுப் பாருங்கள். மந்தமும் கூடவே இடம் மாறினால் வேறு ஆராய்ச்சியே வேண்டாம்.

ஸ்விட்ச்சைத் திறக்கும்போது பெரிய பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டுத் திறங்கள். உள்ளே கடுகளவு ஸ்பிரிங்குகள் இருக்கும். துள்ளி விழுந்தால் சீட்டுக்கு அடியில் தேடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். நான் திறந்தபோது, சீசா பலகை மாதிரி ஆடும் செம்புத் தகட்டின் ஒரு முனை பளபளவென்று இருந்தது. மறு முனையில் மிளகளவுக்குக் கருநீலமாக ஒரு பள்ளம், சுற்றிலும் கெட்டிப்பட்ட கருப்பு கிரீஸ், ஓரத்தில் பிளாஸ்டிக் லேசாக இளகிய தடம். கண்ணாடி ஏன் திணறியது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை.

காண்டாக்ட் கிளீனர் அடித்துப் பழைய கிரீஸை முழுக்க எடுங்கள். பிறகு 1000 நம்பர் தாளைச் சின்ன ரிப்பனாக வெட்டி, காண்டாக்டுகளுக்கு நடுவே இழுத்து, கருப்பு போய்ப் பளபளப்பு வரும்வரை மட்டும் தேய்க்க வேண்டும். அதிகம் தேய்த்தால் மேலே இருக்கும் நல்ல பூச்சும் போய்விடும். கடைசியாகக் குண்டூசி முனையளவு டைஎலக்ட்ரிக் கிரீஸ் (மின் இணைப்புகளுக்குப் போடும் கிரீஸ்). பள்ளம் ஆழமாக இருந்தாலோ பிளாஸ்டிக் இளகித் தகடு சாய்ந்திருந்தாலோ துடைத்துப் பயனில்லை, ஸ்விட்ச்சை மாற்றிவிடுங்கள்.

ஃபியூஸும் ஸ்விட்ச்சும் முடிந்தபோது என் கண்ணாடி 12லிருந்து 8 வினாடிக்கு வந்தது. கதவை இன்னும் தொடவில்லை.

கதவைத் திறப்பது

இதற்குப் பிறகும் மந்தமாக இருந்தால் டோர் பேடை, அதாவது கதவின் உள்பக்க உறையை, கழற்றியாக வேண்டும். கைப்பிடித் திருகுகள், லாக் குமிழ், உள் ஹேண்டிலைச் சுற்றியிருக்கும் சட்டம் எல்லாம் எடுத்த பிறகு, கீழ் விளிம்பிலிருந்து ஆரம்பித்துப் பிளாஸ்டிக் நெம்பியால் கிளிப்புகளை ஒவ்வொன்றாக விடுவித்து, பேடை மேல் நோக்கித் தூக்குங்கள். ஸ்க்ரூடிரைவர் போட்டால் பேடின் அட்டை கிழியும். ஈரம் பட்ட அட்டை என்றால் கிளிப் அட்டையோடு பிய்ந்து வரும், அதனால் கையைக் கிளிப்புக்கு மிக அருகில் வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே கதவில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் ஷீட்டைக் கிழித்துப் போடாதீர்கள். கதவுக்குள் வரும் மழைத்தண்ணீர் பேடுக்கு வராமல் தடுப்பது அதுதான். கருப்புப் பசையைக் கத்தியால் மெல்ல அறுத்து, ஓரமாக மடித்து டேப் போட்டு வையுங்கள்.

இப்போது மோட்டார் சாக்கெட்டில் அளக்கலாம். கண்ணாடி ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் அளக்க வேண்டும், இதை நன்றாக மனதில் வையுங்கள். சாக்கெட்டைக் கழற்றி மீட்டர் வைத்தால் பாசி பிடித்த வயரிலும் 12.6 காட்டும். பாரம் இல்லாதபோது எந்தக் கெட்ட இணைப்பும் நல்ல பிள்ளையாகத்தான் நிற்கும். சாக்கெட்டைக் கழற்றாமல், பின்பக்கமாகக் குண்டூசி செருகி அளந்து பாருங்கள். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.8க்கு மேல் இருக்கும். மோட்டாரில் அதைவிட 1 வோல்ட் குறைந்தால் பரவாயில்லை. 2 வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் வழியில் எங்கோ களவு போகிறது.

களவு எங்கே என்று பிடிக்க நீளமான வயர் ஒன்று போதும். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி பாசிட்டிவிலும் மறு முனையை மோட்டாரின் பாசிட்டிவ் வயரிலும் வைத்துக் கண்ணாடியை ஓட்டினால், தொலையும் வோல்டேஜ் நேராக மீட்டரில் வரும். நெகட்டிவுக்கும் அப்படியே. நெகட்டிவ் பக்கம் மட்டும் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பாயின்ட்டைக் கழற்றித் துரு, பெயிண்ட் சுரண்டி, இறுக்கி, மேலே வாசலின் தடவுங்கள்.

பலரும் பார்க்காமல் விடும் ஓர் இடம், கதவுக்கும் உடலுக்கும் நடுவே இருக்கும் ரப்பர் குழாய். கதவைத் திறந்து மூடும்போதெல்லாம் உள்ளே வயர்கள் மடங்குகின்றன. முப்பது வருட மடிப்பில் மேலுறை அப்படியே இருக்க, உள்ளே செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறுந்துபோகும். ரப்பரை ஒதுக்கி ஒவ்வொரு வயரையும் மெல்ல இழுத்துப் பாருங்கள். ரப்பர் பேண்ட் மாதிரி நீண்டால் உள்ளே செம்பு இல்லை. அந்த இடத்தை வெட்டி, மெல்லிய இழைகள் நிறைய உள்ள புது வயரைச் சால்டர் செய்து, ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கும் குழாய்) போடுங்கள். ஒட்டு மடியும் இடத்தில் விழாமல், கதவுக்குள்ளோ உடலுக்குள்ளோ போகும்படி நீளம் வையுங்கள்.

கண்ணாடியைப் பிரித்துப் பார்ப்பது

சாக்கெட்டைக் கழற்றிவிட்டு, மோட்டாருக்கு 20 ஆம்பியர் ஃபியூஸ் வைத்த கனமான வயரில் பேட்டரியிலிருந்து நேராகக் கொடுத்துப் பாருங்கள். கண்ணாடி வேகமாக ஓடினால் கோளாறு முழுக்க வயரிங்கில்தான், மேலே சொன்னதையே மறுபடி தேடுங்கள். நேராகக் கொடுத்தும் திணறினால் கண்ணாடி, மெஷின், மோட்டார் மூன்றில் ஒன்று.

கண்ணாடியை மேலே ஏற்றி, சட்டத்தின் மேல் வழியாக இரண்டு பக்கமும் அகலமான டேப்பை இறுக்கி ஒட்டுங்கள். ஒரு மர ஆப்பும் செருகினால் நல்லது. பிறகு கண்ணாடியை மெஷினோடு பிணைக்கும் இணைப்பை விடுவியுங்கள். இப்போது டேப்பை எடுத்துக் கண்ணாடியைக் கையால் மேலும் கீழும் நகர்த்திப் பாருங்கள், ஒரு கை அடியில் தாங்கியபடி. இரண்டு விரல் பலத்தில் ஓட வேண்டும். என்னுடையது பின்பக்கச் சேனலில் தம் கட்டித் தள்ளினால்தான் நகர்ந்தது.

சேனலுக்கு எண்ணெய் தேவையில்லை, சுத்தம்தான் தேவை. ஷாம்பு கலந்த வெந்நீரில் பழைய டூத் பிரஷை நனைத்து, குச்சியில் துணி சுற்றி, மேலிருந்து கீழ்வரை தேயுங்கள். முதல் துணியில் வருவது செம்மண் கலந்த கருஞ்சேறாக இருக்கும். துணி வெளுப்பாக வரும்வரை விடாதீர்கள். நன்றாகக் காய்ந்ததும் சிலிகான் ஸ்ப்ரே அடித்துக் கண்ணாடியை நாலைந்து முறை ஓட்டுங்கள். தேங்காய் எண்ணெய், கிரீஸ், இன்ஜின் ஆயில் எதுவும் வேண்டாம். பெட்ரோலியப் பொருள் ரப்பரை ஊதவைக்கும், எண்ணெய் தூசியைப் பிடித்து வைக்கும், ஆறு மாதத்தில் முன்பைவிட மோசமாகும். ரப்பர் கல்லாக இறுகியிருந்தால், உள்ளே இருக்கும் வெல்வெட் துணி உரிந்திருந்தால், புதுச் சேனல்தான் மருந்து. மீட்டர் கணக்கில் விற்கும் பொதுச் சேனல் அளவு சரியாக உட்காராமல் கண்ணாடியை இன்னும் இறுக்கிப் பிடிக்கும். வண்டிக்கு உரியதையே தேடி வாங்குங்கள்.

கீழே கதவின் அடியில் இருக்கும் வடிகால் ஓட்டைகளையும் குத்திவிடுங்கள். அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்ளே நின்று துருவை வளர்க்கும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் நின்ற வண்டிகளைக் கழற்றினால் கதவின் அடியில் இன்னும் வண்டல் கட்டியாக இருக்கும். பழைய வண்டி வாங்கும்போது இதைப் பார்த்தாலே அதன் சரித்திரம் தெரிந்துவிடும்.

மெஷினும் மோட்டாரும்

கத்திரிக்கோல் மாதிரி விரியும் கைகளைக் கொண்ட மெஷினில் எச்சரிக்கை ஒன்று உண்டு. பல வண்டிகளில் கண்ணாடியின் பாரத்தைத் தாங்க வலுவான சுருள் ஸ்பிரிங் முறுக்கி வைத்திருப்பார்கள். மோட்டாரைப் பிரித்த கணம், பிடிமானம் இல்லாமல் பல்சக்கரத் தகடு சுழன்று விரலை நசுக்கிவிடும். மெஷினை வெளியே எடுத்ததும் முதலில் தகட்டையும் சட்டத்தையும் போல்ட் போட்டோ, கிளாம்ப் வைத்தோ பூட்டுங்கள். அதற்குப் பிறகுதான் மோட்டாரைக் கழற்ற வேண்டும். கதவுத் தகட்டின் விளிம்பு கத்தி மாதிரி இருக்கும், கையுறை கட்டாயம்.

மெஷினில் பழைய கிரீஸ் மெழுகாகக் காய்ந்திருக்கும். மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும் போட்டுச் சுரண்டி எடுத்து, வெள்ளை லித்தியம் கிரீஸை மெல்லிய படலமாகப் பல்லிலும் கீலிலும் ரெயிலிலும் தடவுங்கள். ரெயிலில் ஓடும் பிளாஸ்டிக் துண்டுகளை நகத்தால் அழுத்திப் பாருங்கள், நொறுங்கினால் மாற்றுங்கள்.

மோட்டாரைத் திறக்கும் முன் மூடிக்கும் உடலுக்கும் குறுக்கே மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். திருப்பிப் போட்டால் எதிர்த்திசையில் ஓடும். இடது, வலது மோட்டார்களும் வேறு வேறு, கலந்துவிடாதீர்கள். மூடியை இழுக்கும்போது காந்தம் ஆர்மேச்சரையும் (சுழலும் சுருள் பகுதி) இழுத்துக்கொண்டு வரும், அதனால் தண்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு மூடியை மட்டும் எடுங்கள். கம்யூட்டேட்டர் (கார்பன் துண்டுகள் உரசும் செம்பு உருளை) கருப்பாக இருந்தால் 600 நம்பர் உப்புத்தாளால் சுற்றிலும் சீராகத் துடைத்து, செம்புப் பட்டைகளுக்கு நடுவே உள்ள இடுக்குகளில் இருக்கும் கார்பன் தூளைப் பல் குத்தும் குச்சியால் எடுங்கள். எமரி வேண்டாம், அதன் துகள் மின்சாரம் கடத்தும். கார்பன் தேய்ந்து ஸ்பிரிங் தளர்ந்திருந்தால், ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடையில் பழையதைக் காட்டி அதே அளவு கேளுங்கள். திரும்பப் பூட்டும்போது கார்பன் இரண்டையும் நூல் கட்டிப் பின்னால் இழுத்து வைத்து, ஆர்மேச்சர் உட்கார்ந்ததும் நூலை உருவிவிடலாம். தண்டு சுழலும் புஷ்ஷில் ஒரு சொட்டு ஆயில் போதும். அதிகமானால் கார்பனில் வழிந்து மறுபடி கருக்கும்.

சிலர் கதவுக்குள் இரண்டிரண்டு ரிலே வைத்து, ஸ்விட்ச்சின் பாரத்தைக் குறைக்கிறார்கள். வேலை செய்யும். ஆனால் சுத்தம் செய்தாலே சரியாகும் வண்டியில் வயரை வெட்ட எனக்கு மனம் வரவில்லை.

மாட்டும்போது

மெஷினின் போல்ட் ஓட்டைகள் நீளவாக்கில் இருக்கும். எல்லாவற்றையும் தளர்வாகப் போட்டு, கண்ணாடியை முழுக்க மேலே ஏற்றி, அது சட்டத்தில் நேராக உட்கார்ந்த நிலையிலேயே இறுக்குங்கள். கீழே வைத்து இறுக்கினால் சாய்ந்தே ஏறும். பேட் போடுவதற்கு முன் பத்து முறை ஓட்டி நேரம் பாருங்கள். தொடர்ந்து ஓட்டினால் மோட்டாரின் உள்ளே இருக்கும் சூட்டுப் பாதுகாப்பு நிறுத்திவிடும், நடுவில் இரண்டு மூன்று நிமிடம் ஆறவிடுங்கள்.

பிளாஸ்டிக் ஷீட்டை அதே இடத்தில் ஒட்டி, பசை காய்ந்திருந்தால் பியூட்டைல் டேப் சுற்றி அழுத்துங்கள். கீழ் ஓரம் கதவுக்குள் போய் இருக்க வேண்டும், வெளியே தொங்கினால் தண்ணீர் பேடுக்கு வரும். ஒரு செம்பு தண்ணீரைக் கண்ணாடியின் மேல் ஊற்றி, அடி ஓட்டைகள் வழியாக வெளியேறுகிறதா, பேட் பக்கம் ஏதும் கசிகிறதா என்று பாருங்கள். அப்புறம் கிளிப்புகளை அழுத்தி, திருகுகளைப் போட்டு, முதல் நாள் எழுதிய தாளில் புது எண்களைப் பக்கத்திலேயே எழுதி டேஷ்போர்டு பெட்டியில் வையுங்கள். அடுத்த மழைக்காலத்துக்கு முன் ஸ்டாப்வாட்சை எடுக்கும்போது அந்தத் தாள் வேண்டியிருக்கும்.